அய்யன்கோட்டையிலிருந்து வெண்மணிக்கு



உலக சமூகப்பணி நாளில் பேச என்னைச் சேவுகம்பட்டிக்கு அழைத்திருக்கிறீர்கள். உலகத்தைத் தேடி நான் வெகுதூரம் போகவில்லை. பக்கத்தில் அய்யன்கோட்டையில், 1926-இல், ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனைப் பற்றித்தான் பேச்சு.

அந்தக் காலத்தில் அந்தப் பெண் பட்டப்படிப்பு வரை போனது எப்படி? டி.வி.எஸ். குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே கணவரை இழந்து, பிறகு மருத்துவம் படித்த சௌந்தரம் அம்மையார் கைகொடுத்தார். அவரும் காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் சின்னாளபட்டி அருகே தொடங்கியதுதான் காந்திகிராமம்.   

1968 டிசம்பர் 25. கூலி உயர்வு கேட்டதற்காக, கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கிருஷ்ணம்மாளும் கணவர் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சைக்குப் போனார்கள். ஆறுதல் சொல்லித் திரும்பிவிடவில்லை, அங்கேயே தங்கினார்கள். 1981-இல், உழுபவருக்கு நிலம் கேட்கும் அவர்களுடைய லாஃப்டி இயக்கம் பிறந்தது. மிராசுதாரிடம் நிலத்துக்கு விலை பேசுவார்கள். கடனுக்கு வங்கிக்கும், மானியத்துக்கு அரசு அலுவலகத்துக்கும் நடப்பார்கள். பத்திரம் பெண்கள் பெயரில். இப்படிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு நிலம் வந்தது.

மனம் ஒத்தவர்களைக் கூட்டுவது எளிது. பகைத்து நிற்பவர்களை ஒரே பத்திரத்தில் கையெழுத்துப் போட வைக்க எத்தனை பொறுமை வேண்டும்! அதைத்தான் நான் சமூகப்பணி என்பேன்.

விலை பேசி முடியாத இடத்தில் அவர்கள் போராடவும் செய்தார்கள். இறால் பண்ணைகள் வயலையும் குடிநீரையும் கெடுத்தபோது ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996-இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 2008-இல், மாற்று நோபல் என்று சொல்லப்படும் சுவீடன் விருது இருவருக்கும் கிடைத்தது.

இங்கே இருக்கும் இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டுமனைப் பட்டாவுக்கு அலையும் பெண்கள் நம் பக்கத்தில் யார் யார் என்று இந்த வாரமே விசாரியுங்கள். தாலுகா ஆபீசுக்கு அவர்களோடு நீங்களும் போங்கள். மனு எழுதத் தெரிந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே நிறையப் பேர் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வந்து பெயர் கொடுங்கள், காத்திருக்கிறேன்.