பழைய பாட்டு கேட்டால் வாய் திறக்கும்

(பண்டாரவளைப் பகுதித் தோட்டமொன்றில் நடந்த குடும்ப ஒன்றுகூடலில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

 

வழக்கமாக நாங்கள் இங்கே வந்தால் தடுப்பூசி, மலசலகூடம், குடிதண்ணீர் என்றுதான் பேசுவோம். இன்று பாட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்க வேண்டாம், இதுவும் நலன்புரி விசயம்தான்.

லயங்களுக்குப் போகும்போது நாங்கள் அடிக்கடி காண்பது ஒன்று உண்டு. இஸ்தோப்பில் ஓர் அப்பாயி தனியே உட்கார்ந்திருப்பார். மகன் கொழும்பில், மருமகள் மலையில், பேரப்பிள்ளையின் காதில் இயர்போன். காலையில் இருந்து அவரோடு யாரும் நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். "எப்படி இருக்கீங்க அப்பாயி?" என்று கேட்டால் "இருக்கேன் தம்பி" என்பார். அதோடு சரி. ஆனால் பக்கத்துக் காம்பராவில் டி. எம். சௌந்தரராஜன் குரலோ பி. சுசீலா குரலோ கேட்டால் பாருங்கள்! தலை நிமிரும், விரல் தாளம் போடும். அந்த நேரம் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் கதை கதையாக வரும்.

இது ஏன்? வயதானவர்களிடம் பழைய ஞாபகங்களைக் கேட்டு ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவைதான் மனதில் அதிகமாக நிற்கின்றனவாம். முதல் பேர்போட்டு வேலைக்குப் போனது, முதல் சம்பளம், மனசுக்குப் பிடித்தவரை முதன்முதல் பார்த்தது, கல்யாணம் எல்லாம் அந்த வயதில்தானே! அப்போது கேட்ட பாட்டும் அவற்றோடு ஒட்டிக்கொள்கிறது. மறதி நோய் வந்து பிள்ளையின் பெயரையே மறந்தவர்கள்கூட, இளம் வயதுப் பாட்டை அடி மாறாமல் பாடுவது உண்டு.

நமக்கு அந்தப் பாட்டுகளைக் கொண்டுவந்து தந்தது ரேடியோ. இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கியது. ரேடியோ சிலோன் என்று உலகம் அறிந்த அந்த நிலையம் 1967 இல் கூட்டுத்தாபனம் ஆனது. 1972 இல் நாடு குடியரசானபோது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் பெற்றது. எஸ். பி. மயில்வாகனன், ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் என்ற பெயர்களைச் சொன்னாலே இங்கே பல முகங்கள் மலர்கின்றன. 'பொங்கும் பூம்புனல்', 'இசையும் கதையும்', 'பாட்டுக்குப் பாட்டு' எல்லாம் ஞாபகம் இருக்கிறதுதானே?

லயத்தில் கரண்ட் இல்லாத காலம் அது. ஒரு லயத்தில் ஒரு ரேடியோ இருந்தாலே பெரிய விசயம். பேட்டரி தளர்ந்துவிட்டால் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவோம். 'பிறந்தநாள் வாழ்த்து' நிகழ்ச்சியில் பிள்ளையின் பெயரோடு அப்பா, அம்மா, தாத்தா, மாமா என்று வரிசையாகப் பெயர் வாசிப்பார்கள். அதில் நம் தோட்டத்துப் பெயர் வந்துவிட்டால் அன்று பெரட்டுக்களத்தில் அதுதான் பேச்சு.

ஒவ்வொரு வயதுக்காரருக்கும் ஒவ்வொரு பாட்டு. இங்குள்ள மூத்தவர்களுக்குக் கண்ணதாசனும் எம். எஸ். விஸ்வநாதனும். அடுத்தவர்களுக்கு 1976 இல் 'அன்னக்கிளி' படத்தோடு வந்த இளையராஜா. அம்மா வயலிலும் மலையிலும் பாடிய மாதிரியே ரேடியோவில் பாட்டு வந்ததைக் கேட்டு அன்றைய பிள்ளைகள் அதிசயப்பட்டார்கள். அதே எழுபதுகளில் ஏ. ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி'யைச் சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்து பாடினார்கள். இப்போது நாற்பது தாண்டிய எங்களுக்கு 1992 இல் 'ரோஜா' படத்தோடு வந்த ஏ. ஆர். ரஹ்மான். விரும்பிய பாட்டுகளைத் தாளில் எழுதி, டவுனில் ரெக்கோர்டிங் பாரில் கொடுத்து, கசட் எப்போது கிடைக்கும் என்று காத்துக்கிடந்தோம்.

ஆனால் நம் ஆட்களுக்குப் பழைய பாட்டு சந்தோசத்தை மட்டும் கொண்டுவருவதில்லை.

1964 அக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர்களாக வைக்கப்பட்டிருந்த நம்மவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்குபோட்டன. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. கோச்சி ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் இறங்கி, கூடலூர், கோத்தகிரி என்று போனார்கள். 1984 இல் அந்தக் கப்பலும் நின்றது. ஆனால் இலங்கை வானொலியை அக்கரையிலும் கேட்டார்கள். கடிதம் வர மாசக்கணக்காகும். பாட்டோ ஒரே நேரத்தில் இரண்டு கரையிலும் கேட்டது. "எங்க அண்ணனும் இப்ப இதைக் கேட்டுக்கிட்டு இருப்பாரு" என்று சொல்லி அழுத தாய்மார்களை நாங்கள் அறிவோம்.

ஒரு தாய், இந்தியாவுக்குப் போன தம்பியைத் தேட வேண்டும் என்று எங்களிடம் வந்தார். எந்த வருசம் போனார் என்று கேட்டால் தெரியவில்லை. கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. பேசிக்கொண்டு இருக்கும்போது, "போறதுக்கு முந்தின நாள் ராத்திரி அன்னக்கிளிப் பாட்டைத்தான் பாடிக்கிட்டே பெட்டி கட்டினான்" என்றார். அப்படியானால் 1976 க்கு முன் போயிருக்க முடியாது. அந்த ஒரு பிடிமானத்தை வைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்டு, கூடவே போன இரண்டு குடும்பங்களின் பெயரையும் எழுதிக்கொண்டோம். தேடல் இன்னும் முடியவில்லை. ஆனால் ஒன்று விளங்கியது. எழுத்து இல்லாத வீட்டில் பாட்டுத்தான் கலண்டர்.

ஆகவே தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறோம். போனில் எந்தப் பாட்டும் கிடைக்கிறது. வாரத்தில் ஒரு நாள் இயர்போனைக் கழற்றி வைத்து, தாத்தாவுக்கும் அம்மாயிக்கும் பிடித்த ஒரு பாட்டைப் போடுங்கள். ஒன்று போதும். சத்தத்தை அளவாக வையுங்கள். காது மந்தமானவர்களுக்கு இரைச்சல் விளங்காது. பாட்டு முடிந்ததும் அடுத்ததுக்குத் தாவாமல் கொஞ்சம் பொறுத்திருங்கள்.

பிறகு கேளுங்கள். "உங்க காலம் எப்படி?" என்று கேட்டால் "கஷ்டம்தான்" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். "இந்தப் பாட்டு வந்தப்ப எந்த மலையில கொழுந்து எடுத்தீங்க? ரேடியோ யார் வீட்டில இருந்திச்சு? கூட யார் இருந்தா?" என்று கேளுங்கள். சொல்வதை, அவர்கள் சம்மதித்தால், போனிலேயே பதிந்து வையுங்கள். பெயர், டிவிசன், வருசம் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

சிலர் அழுவார்கள். பயந்துபோய்ப் பாட்டை நிறுத்த வேண்டாம், தோண்டித் தோண்டிக் கேட்கவும் வேண்டாம். பக்கத்தில் இருந்தால் போதும். பிரிவு மட்டுமல்ல, 1983 ஜூலையில் பட்டதும் சிலருக்கு ஞாபகம் வரும். சொல்ல விரும்பாததை அப்படியே விட்டுவிடுங்கள். இன்னொரு விசயம், ஆண்கள் கோபிக்கக் கூடாது. பழைய பாட்டு என்றால் போத்தலும் வேண்டும் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. போத்தல் வந்தால் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். பிறகு கதை யாருக்குச் சொல்வது?

சினிமாப் பாட்டோடு நிற்கவும் வேண்டாம். அது தொலையாது, எங்கேயாவது இருக்கும். அப்பாயிமார் பாடிய தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியும் அப்படி இல்லை, அவர்களோடு போய்விடும். சி. வி. வேலுப்பிள்ளை ஐயா அவற்றைத் தேடிச் சேர்த்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று புத்தகமாக்கினார். அவர் 1984 இல் மறைந்தார். அவர் காதில் விழாத பாட்டு நம் லயத்திலும் இருக்கும். ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு, "இதுக்கு முந்தி உங்க அம்மா என்ன பாடுவாங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

வருகிற போயா தினத்தன்று பின்னேரம் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் கூடுவோம். தேத்தண்ணி எங்கள் பொறுப்பு. ஒவ்வொரு வீட்டிலும் இருந்து ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் சேர்ந்து வர வேண்டும். பெரியவர் ஒரு பாட்டின் பெயரைச் சொல்லட்டும். பிள்ளை அதைப் போனில் தேடிப் போடட்டும். கொப்பியை நாங்கள் கொண்டுவருகிறோம். அதை நிரப்ப வேண்டியது நீங்கள்.