கப்பலேறாமல் ஊரிழந்தவர்கள்



புலம்பெயர்ந்தோரைப் பற்றிய நாவல் என்றதும் இந்தத் தமிழ்ச் சங்க ஆண்டு விழா அவையில் பலருக்கு ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நினைவுக்கு வரும். மெடானும் பினாங்கும் கண்முன் விரியும். தேனிச் சீமைக்காரர்கள் சிலருடைய கதை வேறு. அவர்கள் கடல் தாண்டவில்லை, மலைகூடத் தாண்டவில்லை. ஆண்டிபட்டி அருகே எழுந்த வைகை அணை 1959இல் திறக்கப்பட்டது. நீர்த்தேக்கத்துக்குள் போன ஊர்களின் சனங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு மேடேறினார்கள். மெட்டூரில் பிறந்து வடுகபட்டிக்குப் பெயர்ந்த சிறுவன் வைரமுத்து அவர்களில் ஒருவர். அந்த இடப்பெயர்வை நாவலாக்கி அவர் எழுதிய ‘கள்ளிக்காட்டு இதிகாச’த்துக்கு 2003இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

நாவலின் நாயகர் பேயத்தேவர் ஏழைச் சம்சாரி. கிணறு வெட்டத் தெரியும். மாட்டுக்குப் பிரசவம் பார்க்கத் தெரியும். பேரன் மொக்கராசுவுக்கு அவர் கொடுக்கக்கூடிய சொத்தே இந்தக் கைப்பழக்கம்தான். மேடைகளில் நாம் ஊர்ப்பற்று என்று பேசுவதை வைரமுத்து உடம்பு பாடுபடும் வேலையாக எழுதிக் காட்டுகிறார். ஆயுள் முழுக்கச் சேர்த்த அந்த அனுபவத்துக்கு வேற்று மண்ணில் என்ன மதிப்பு? ஊரில் பத்துப் பேருக்கு யோசனை சொன்னவர், போன இடத்தில் வழி கேட்டு நிற்பார். அந்நிய நாட்டில் படித்த படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலையில் தொடங்கியவர்களுக்கு இந்த வலி புரியும்.

துயரத்தை அளவுக்கு மீறி அடுக்குகிறது என்று இந்த நாவல்மேல் ஒரு குறை உண்டு. நியாயமான குறைதான். ஆனாலும் மழைக்கு ஏங்கிக் கிடந்த பூமியைத் தண்ணீரே விழுங்கும் கட்டத்தில் எந்த வாசகரும் அந்தக் கணக்கைப் பார்க்க மாட்டார். மதுரைக்குக் குடிநீரும் கீழ்நாட்டு வயல்களுக்குப் பாசனமும் தந்த அணை அது. அதற்கு விலை கொடுத்தவர்களின் பெயர்கள்தான் பொதுநினைவில் இல்லை.

அதே தேனிச் சீமையின் கம்பம் பள்ளத்தாக்கில், பிழைப்புக்காக ஊர்விட்டுப் போகும் கதை இன்னும் முடியவில்லை. விடியற்காலையில் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் ஏறுகின்றன. கேரளத்தின் இடுக்கி ஏலத்தோட்டங்களில் பழம் எடுப்பது பெரும்பாலும் தமிழ்ப் பெண்களின் கைகள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை பற்றித் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான தகராறு முற்றியபோது குமுளிப் பாதை அடைபட்டது. தோட்டங்களில் தங்கியிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல பயந்து மலையிறங்கின. அவர்களின் உழைப்பு வேண்டியிருந்த இடத்திலேயே அவர்கள் வெளியாட்களாகிப் போனார்கள். ஒரு நாட்டுக்குள்ளேயே இப்படியென்றால், கடல் கடந்தவர்களின் நிலையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

வைகையில் முழுகிய ஊர்களைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். இந்த அவையில் தேனிப் பக்கத்து உறவுள்ளவர்கள் அடுத்த விடுமுறைக்கு ஊர் போகும்போது அந்தப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எந்தெந்தத் தெரு, யார் யார் வீடு, எங்கே கிணறு. பேசுவதைப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் பொறுப்பை இந்தச் சங்கம் ஏற்க வேண்டும்.