வீடு விலைக்கு வரும்போது முதல் வாய்ப்பு யாருக்கு?



ஏழை குடியிருக்கும் பழைய வீட்டை யார் காப்பாற்றுவது? உரிமையாளரா, அரசா? இந்தக் கேள்விக்குப் பினாங்கு மக்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பதில் ஒன்று உண்டு.

1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31-ஆம் தேதி வரை கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையைக் கட்டிப்போட்டது. ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் சிறு வியாபாரிகளும் கூலித் தொழிலாளிகளும் தலைமுறை தலைமுறையாக வாழ முடிந்ததென்றால், அதற்கு இந்தச் சட்டம் ஒரு முக்கியக் காரணம். ஆனால், கிடைத்த வாடகை கூரை ஓடு மாற்றக்கூடப் போதவில்லை என்பது உரிமையாளர்களின் குமுறல். அதிலும் நியாயம் இருந்தது. ஊர் சுமக்க வேண்டிய பாரத்தை ஒருவர் தலையில் ஏற்றினால் எத்தனை நாள் தாங்கும்?

1997-இல் அந்தச் சட்டம் ரத்தானது. 1999 முடியும்வரை அவகாசம். 2000 ஜனவரி 1 முதல் சந்தை வாடகை. பினாங்கில் 12,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் ஒரே நாளில் பாதுகாப்பை இழந்தன. வாடகை ஏறியது, குடும்பங்கள் மூட்டை கட்டின. 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஊர் இடம்பெற்றது. பெருமைதான். கூடவே வெளியூர் முதலீடும் வந்தது, தங்கும் விடுதிகளும் வந்தன. சுவரையும் சன்னலையும் காக்க விதிகள் இருந்தன. உள்ளே குடியிருந்தவரைக் காக்க விதி இல்லை.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் 2019-இல் வேறு வழி கண்டது. மூன்றோ அதற்கு மேலோ வீடுகள் உள்ள கட்டடத்தை விற்க விரும்புபவர், தகுதி பெற்ற இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு முதலில் அறிவிக்க வேண்டும். விருப்பம் தெரிவிக்க 5 நாள். விலை சொல்ல மேலும் 25 நாள். அந்த விலை பிடிக்காவிட்டால் உரிமையாளர் வெளியே விற்கலாம். ஆனால் வெளியார் தரும் விலையைத் தானும் தர அந்த அமைப்புக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. ஆக, உரிமையாளருக்கு நட்டமில்லை. குடியிருப்பவர் தெருவுக்கு வருவதுமில்லை.

"வாங்கப் பணம் எங்கே?" என்று எதிரணி கேட்கும். அந்த நகரம் 2014-லேயே இதற்கெனக் கடனுதவித் திட்டம் தொடங்கிவிட்டது. நிதியில்லாத முதல் வாய்ப்பு, பசித்தவனுக்குக் காட்டும் காலி இலை.

அமைப்புகளுக்குப் பினாங்கு எங்கும் தேட வேண்டியதில்லை. சீனர்களின் கொங்சிகள், பள்ளிவாசல் வக்ஃப் சொத்துகள், இந்து அறப்பணி வாரியம் என்று பொதுச் சொத்தைக் கட்டிக்காக்கும் மரபு இங்கே பழையது. ஆனால் தர்மச் சொத்து என்ற பெயர் மட்டும் போதாது; அதுவும் வாடகையை ஏற்றலாம். குறைந்த வாடகைக்கே விட வேண்டும் என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும்.

முதல் வாய்ப்பு, கைகொடுக்கும் நிதி, பத்திரத்தில் நிபந்தனை. இந்த மூன்றையும் சேர்த்து ஒரு சட்டம் வந்தால், மிச்சமிருக்கும் குடும்பங்களாவது ஜார்ஜ்டவுனில் நிலைக்கும். விருந்தாளிகள் மட்டும் தங்கும் இடத்துக்கு ஊர் என்று பெயரில்லை.