மீன் குஞ்சும் நீச்சல் வகுப்பும்

எதிரணி அம்மையார், "மீன் குஞ்சுக்கு யாராவது நீச்சல் கத்துக் கொடுப்பாங்களா? கலைன்னா பிறவியிலேயே வரணும்"னு அடிச்சுப் பேசிட்டுப் போனாங்க. நடுவரும் தலையை ஆட்டினீங்க. அதைப் பாத்துத்தான் எனக்குப் பயம்! (சிரிப்பு)

நான் ஒரு மீன் குஞ்சைப் பத்திச் சொல்றேன். ஊர் வியன்னா. பெயர் ஃபிரான்ஸ் ஷூபர்ட். வயசு 31. அறுநூறு பாட்டுக்கு மேல எழுதியாச்சு. அந்த மனுஷன் 1828 நவம்பர் 4-ஆம் தேதி, சைமன் செக்டர் என்கிற இசை இலக்கண வாத்தியார்கிட்டப் போய் மாணவனா உட்கார்ந்தார். எதுக்கு? ஒரு குரலோடு இன்னொரு குரலைச் சேர்த்து எழுதுற வித்தையைப் படிக்க.

அது என்ன வித்தை? நம்ம கச்சேரியில ராகம் ஒரே வழியில போகும். அவங்க முறையில நாலு குரல், ஒரே நேரத்துல, நாலு வழி: சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனார், பேஸ். மாதா கோயில் பாடகர் குழுவில கேட்டிருப்பீங்க. இதுக்கு ஒரு சட்டம் உண்டு. கீழ்க்குரல் 'ச', மேல்குரல் 'ப' பாடுது. அடுத்து கீழ்க்குரல் 'ரி'க்கு ஏறினா, மேல்குரல் கூடவே 'த'வுக்கு ஏறக்கூடாது. காதுக்கு நல்லாத்தானே இருக்கு? இருக்கும். ஆனா ரெண்டும் ஒட்டி ஒரே குரலாயிடும். வீட்டுல நாலு பேர். அம்மா சொல்றதையே மகனும் சொல்லிக்கிட்டிருந்தா மருமகள் கணக்குல மூணு பேர்தானே! (சிரிப்பு, கைதட்டல்)

நானும் இதைப் படிச்சவன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதிட்டுப் போவேன். வாத்தியார் பேசவே மாட்டார். சிவப்பு மையில ரெண்டு சாய்கோடு போடுவார். அந்தக் கோடு போட்ட இடம்தான் நான் ரொம்ப ரசிச்சு எழுதின இடமா இருக்கும்!

இந்தச் சட்டங்களை 1725-இல் வியன்னாவில் யோஹான் ஃபுக்ஸ் லத்தீனில் புத்தகமாகவே போட்டார். குருவும் சீடனும் பேசிக்கிற மாதிரி எழுதியிருக்கார். ஹைடன் அதை வச்சுத் தானே படிச்சார். பிறகு பேத்தோவனுக்கும் அதை வச்சுத்தான் பாடம் நடத்தினார். ஹைடன் திருத்தினது போதலைன்னு பேத்தோவன் அவருக்குத் தெரியாம இன்னொரு வாத்தியார்கிட்ட டியூஷன் போனார். நம்ம பிள்ளைங்க மட்டும்தான் டியூஷன் போறாங்கன்னு நினைக்காதீங்க! (சிரிப்பு)

ஷூபர்ட்டுக்கு வருவோம். உடம்பு ஏற்கெனவே சரியில்லை. அந்த ஒரு வகுப்புத்தான். நவம்பர் 19-ஆம் தேதி காலமாயிட்டார். அதே செக்டர்கிட்ட 1855-லிருந்து 1861 வரைக்கும், பெரும்பாலும் தபால் மூலமாகவே படிச்சவர் புரூக்னர். சிம்பொனிகளால அவருக்குப் பேர் வந்தது அதுக்கு அப்புறம்தான்.

பிறவி ஞானம் போதும்னா, அறுநூறு பாட்டு எழுதினவர் சாகறதுக்குப் பதினைஞ்சு நாள் முன்னாடி எதுக்கு நோட்டைத் தூக்கிக்கிட்டு வகுப்புக்குப் போனார்? அடுத்துப் பேச வர்ற எதிரணி நண்பர் முதல்ல இதுக்குப் பதில் சொல்லட்டும்.