கண்ணாடியில் தெரியும் முகம்

 

மனிதன் தன் முகத்தைத் தன் கண்களால் ஒருபோதும் நேரில் கண்டதில்லை. கண்ணாடி காட்டுவதோ இடம் வலம் மாறிய உருவம். நிழற்படத்தில் நம் முகம் நமக்கே அந்நியமாகத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணமாகும்.

கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், 'கீமியாயே ஸஆதத்' என்னும் பாரசீக நூலைத் தன்னை அறிதலிலிருந்தே தொடங்குகின்றார்கள். முகத்தையும் கை கால்களையும் அறிவது தன்னை அறிதலாகாது. பசித்தால் உண்பதும் சினந்தால் பாய்வதும் மட்டுமே நம் உள்ளம் என்றால், விலங்கும் நமக்கு இணையே என்பது அவர்களது கருத்து.

அப்படியாயின் முகத்தைப் பார்க்கவே வேண்டாமா? பாருங்கள். பிள்ளையைக் கடிந்துகொண்ட மறுகணமே கண்ணாடி முன் நில்லுங்கள். நெரிந்த புருவமும் இறுகிய தாடையும் தெரியும். சற்று முன் அந்தப் பிள்ளை கண்ட முகம் அதுவே.

பெற்றோரே, பிள்ளை தன் முகத்தை முதலில் அறிவது உங்கள் சொல்லிலேதான். கறுப்பி என்று வீட்டில் விளையாட்டாக அழைக்கப்படும் மகள், பாதரசம் கலந்த வெண்மைக் களிம்பை இரகசியமாகத் தேடக்கூடும். பாதரசம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். அல்லாஹ் உருவங்களையன்றி உள்ளங்களையும் செயல்களையுமே நோக்குகின்றான் என்ற கருத்திலமைந்த நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. கலியாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் அது ஏனோ நினைவுக்கு வருவதில்லை.

வாலிபர்களே, முஃமினை முஃமினின் கண்ணாடியாக உவமிக்கும் நபிமொழி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. கண்ணாடி கறையை உரியவருக்கு மட்டுமே காட்டும், ஊருக்குச் சொல்லாது. கைபேசி உங்கள் படத்தை அழகுபடுத்தித் தருகின்றது. உங்கள் குறையைத் தனியே அழைத்துச் சொல்லும் நண்பர் எத்தனை பேர் உங்களுக்கு உள்ளனர்?