கணவன் மனைவி இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை



சென்ற மாதம் ஒரு நாள், பள்ளி முடிந்து பிள்ளைகள் போன பிறகு, பெரியவர் ஒருவர் என் வகுப்பறை வாசலில் வந்து நின்றார். எங்கள் தோட்டத்தில் பால் மரம் இருந்த காலத்தில் பால் வெட்டியவர். செம்பனை வந்த பிறகு குலை சுமந்தவர். அவருடைய மகளுக்கு ஆறாம் ஆண்டில் நான் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண் இப்போது அமெரிக்காவில் இரசாயனத்தில் முனைவர் பட்டம் முடித்துவிட்டாள். அவளை மணந்தவரும் அங்கே படித்துப் பட்டம் பெற்றவர்தான். பெருமைப்பட வேண்டிய மனிதர் முகத்தில் சங்கடம் தெரிந்தது.

"டீச்சர், பாப்பாவுக்கு ஒரு யுனிவர்சிட்டியில வேலை தரோம்னு சொல்லிட்டாங்க. அதே எடத்துல மாப்பிள்ளைக்கும் வேலை பார்த்துத் தர முடியுமான்னு அவ கேட்கப் போறாளாம். இது கேபிள் புடிக்கிற மாதிரி ஆகாதா? கெடைச்ச வேலையும் போயிட்டா என்ன செய்யறது?"

நல்ல கேள்வி. அவருக்கு அன்று பாதிதான் பதில் சொல்ல முடிந்தது. பிறகு தேடிப் படித்து அறிந்ததையும் சேர்த்து இன்று உங்களிடம் சொல்கிறேன். நம் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். படித்த பெண், படித்த பையனைத்தான் மணக்கிறாள். இந்தக் கேள்வி நாளை உங்கள் வீட்டு வாசலுக்கும் வரக்கூடும்.

முதலில் நம் பழைய தோட்ட வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். வேலை கேட்டு ஒருவன் வந்தால், கூட யார் வந்திருக்கிறார்கள் என்றுதான் கேட்பார்கள். கணவனும் மனைவியுமாக வந்தால் தோட்டத்துக்கு லாபம். லயத்தில் வீடு ஒன்று, வேலைக்கு ஆள் இரண்டு. பெரட்டில் அவளுக்குத் தனிப் பெயர், காட்டில் தனி நிரை, கையில் தனி வாளி. பெண்ணாளுக்கு ஆணைவிடக் குறைத்துச் சம்பளம் போட்ட காலம் இருந்தது; அது வேறு அநியாயம். ஆனால் வேறொரு விதமான குடும்பமும் இருந்தது. பெயர் பதியாத மனைவி, விடியற்காலையில் கணவனோடு காட்டுக்குப் போவாள். மங்கு துடைப்பாள், ஒட்டுப்பால் எடுப்பாள், பால் தூக்குவாள். ஸ்டோரில் பால் நிறுக்கும்போது அத்தனையும் கணவன் கணக்கில் ஏறும். அவளுடைய உழைப்புக்குக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரிகூட இராது.

உலகமே போற்றிய விஞ்ஞானி ஒருவர் இந்த இரண்டாவது வகை மனைவியைப் போல ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார் என்றால் நம்புவீர்களா?

அவர் பெயர் மரியா கெப்பர்ட் மேயர். 1906இல் ஜெர்மனியில் ஒரு பேராசிரியரின் மகளாகப் பிறந்தவர். 1930இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் ஜோசப் மேயர் என்ற அமெரிக்க இரசாயன அறிஞரை மணந்து அமெரிக்கா சென்றார். பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கணவருக்குப் பதவி கிடைத்தது. மனைவிக்கு இல்லை. பொருளாதார மந்த காலம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஒரு குடும்பத்தில் இருவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற உறவினர் விதி. அக்காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இந்த விதி இருந்தது. மாமன் மச்சானையெல்லாம் பதவியில் அமர்த்திவிடாமல் தடுக்கத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் நடைமுறையில் வெளியே நின்றவர்கள் பெரும்பாலும் மனைவிமார்களே.

மரியாவுக்கு ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். ஜெர்மன் மொழிக் கடிதங்களுக்கு உதவுவதற்காக ஒரு சிறு தொகை கொடுத்தார்கள். அவர் ஆராய்ச்சியை விடவில்லை; மாணவர்களுக்குப் பாடமும் நடத்தினார். இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். 1939இல் கணவர் நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கேயும் மரியாவுக்கு உட்கார இடம் கிடைத்தது, சம்பளம் கிடைக்கவில்லை. 1946இல் சிக்காகோ போனார்கள். அங்கே பேராசிரியர் என்ற பட்டத்தைக் கொடுத்தார்கள், சம்பளத்தைக் கொடுக்கவில்லை. அருகில் இருந்த ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் அரை நேர வேலை கிடைத்ததால் கையில் காசு வந்தது.

இந்தச் சிக்காகோ நாட்களில்தான் அவர் தம் பெரிய கண்டுபிடிப்பைச் செய்தார். அணுவின் நடுவில் கரு என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் புரோட்டான், நியூட்ரான் என்னும் மிக நுண்ணிய துகள்கள் இருக்கின்றன. அவற்றின் எண்ணிக்கை 2, 8, 20, 28, 50, 82, 126 என்று அமையும்போது மட்டும் அந்தக் கரு மற்றவற்றைவிட உறுதியாக நிற்கிறது. ஏன் அப்படி என்பது விளங்காமல் இருந்தது. வெங்காயத்தின் தோல்களைப் போல் அந்தத் துகள்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன, ஓர் அடுக்கு நிரம்பும்போது உறுதி வருகிறது என்று மரியா கணக்குப் போட்டுக் காட்டினார். 1963இல் இதற்காக நோபல் பரிசு பெற்றார். இயற்பியலில் மேரி கியூரிக்குப் பிறகு, அறுபது ஆண்டு இடைவெளி விட்டு, அப்பரிசைப் பெற்ற இரண்டாவது பெண் அவர்.

முழுச் சம்பளத்தோடு முழுப் பேராசிரியர் பதவி அவருக்கு எப்போது கிடைத்தது தெரியுமா? 1960இல், ஐம்பது வயதைக் கடந்த பிறகு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் சான்டியாகோ நகரில் புதிய வளாகம் அமைத்தது. புதிய இடத்துக்குப் பெரிய அறிஞர்கள் தேவை. கணவன், மனைவி இருவரையும் பேராசிரியராக எடுத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் அழைத்தார்கள். இருவரும் சிக்காகோவை விட்டுப் புறப்பட்டுப் போனார்கள். நோபல் பரிசு விழாவுக்கு மரியா சென்றபோது எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் அவரோடு போயிற்று என்பதை எண்ணிப் பாருங்கள். சம்பளமில்லாமல் அவரை வைத்திருந்த இடங்களுக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை.

நம் ஊரில் இனிப்புநீர் இல்லாத வீடு இல்லை. உடல் சர்க்கரையை எப்படிச் சேமித்து எப்படிச் செலவிடுகிறது என்பதை ஆராய்ந்து 1947இல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர்கள் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி என்ற தம்பதியர். ஒரே ஆய்வுக்கூடம், ஒரே ஆராய்ச்சி. கணவருக்குப் பதவி பேச வந்த ஓரிடத்தில், நீ கூடவே வேலை செய்து உன் கணவரின் முன்னேற்றத்தைக் கெடுக்கிறாய் என்று அந்த அம்மாளிடமே சொன்னார்களாம். 1931இல் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகம் இருவரையும் ஏற்றது. ஆனால் கணவர் துறைத் தலைவர், மனைவி குறைந்த சம்பளத்தில் உதவி ஆய்வாளர். நோபல் பரிசு வந்த அதே ஆண்டில்தான் அவரும் முழுப் பேராசிரியர் ஆனார்.

நிலைமை பிறகு மாறியது. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கம் 1971இல் இந்த உறவினர் விதியைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. உறவினர் என்ற காரணத்துக்காகத் தகுதியுள்ளவரைத் தள்ளக் கூடாது. அதே சமயம், தன் கணவனையோ மனைவியையோ பற்றிய முடிவில் ஒருவர் பங்கெடுக்கவும் கூடாது என்பது அதன் சாரம். விதிகள் மெல்ல மெல்ல விலகின.

ஆனால் விதி விலகியதும் வேலை வந்துவிடுவதில்லை. தோட்டத்தில் வேலை இல்லையென்றால் மூன்று மைல் தள்ளி அடுத்த தோட்டம் இருக்கும். ஆராய்ச்சி அறிஞர்களின் நிலை அப்படியில்லை. ஒரு சிறு பிரிவில் ஒரு பல்கலைக்கழகம் பல ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் ஆள் எடுக்கும். அடுத்த பல்கலைக்கழகம் ஐந்நூறு மைலுக்கு அப்பால் இருக்கலாம். கணவருக்கும் மனைவிக்கும் ஒரே ஊரில், ஒரே ஆண்டில் வாய்ப்பு வருவது அபூர்வம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அமெரிக்காவின் பதின்மூன்று முன்னணிப் பல்கலைக்கழகங்களில் ஏறக்குறைய 9,000 ஆசிரியர்களிடம் விசாரித்து 2008இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 36 பேரின் வாழ்க்கைத் துணையும் கல்வித் துறையில்தான் இருந்தார். தம்பதியராகச் சேர்த்து எடுக்கப்பட்டவர்கள் 1970களில் நூற்றுக்கு 3 பேர். 2000க்குப் பிறகு 13 பேர்.

அந்த அறிக்கையில் என் மனத்தைத் தைத்த கணக்கு வேறொன்று. இப்படிப்பட்ட தம்பதியரிடம், வீட்டில் யாருடைய வேலை முதன்மையானது என்று கேட்டிருக்கிறார்கள். என் வேலைதான் என்று ஆண்களில் பாதிப் பேர் சொன்னார்கள். பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் ஐந்தில் ஒருவர்.

இதைப் படித்தபோது எனக்கு என் கதை ஞாபகம் வந்தது. திருமணமான புதிதில் நான் கெடாவில் ஒரு தோட்டப் பள்ளியில் இருந்தேன். என் கணவரும் ஆசிரியர், அவர் ஜொகூரில். துணையோடு சேர மாற்றல் கேட்டு எழுதினோம். ஒரு தடவை காலியிடம் இல்லை என்றார்கள். ஒரு தடவை கோப்பையே காணோம் என்றார்கள். மூன்று ஆண்டுகள் வாரக் கடைசியில் இரவு பஸ்ஸில் கழிந்தன. நீ வேலையை விட்டுவிடேன் என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் பலர். அவர் விடட்டுமே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. என் தாயாரும் சொல்லவில்லை.

சரி, பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இது கேபிளா?

முறைப்படி நடந்தால் கேபிள் இல்லை. பல்கலைக்கழகம் உங்கள் மகளை விரும்புகிறது. துணைக்கும் வழி கிடைக்காவிட்டால் அவள் வரமாட்டாள் என்பது அவர்களுக்குத் தெரியும். மகளின் துறைத் தலைவர் மேலதிகாரியிடம் சொல்கிறார். மருமகனின் படிப்பும் ஆராய்ச்சியும் அவருக்குப் பொருத்தமான துறைக்கு அனுப்பப்படுகின்றன. அந்தத் துறையார் அவரை அழைத்துப் பேசவைத்துக் கேட்கிறார்கள். பரிந்துரைக் கடிதங்களைப் படிக்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. பிடித்திருந்தால் சம்பளத்துக்குப் பணம் தேட வேண்டும். பல இடங்களில் அதை மூன்று பங்காகப் போடுகிறார்கள். ஒரு பங்கு தலைமை நிருவாகம், ஒரு பங்கு மகளை எடுக்கும் துறை, ஒரு பங்கு மருமகனை எடுக்கும் துறை. சில ஆண்டுகளுக்கு இந்த ஏற்பாடு. பிறகு அவருடைய துறையே முழுச் சம்பளத்தையும் ஏற்றுக்கொள்ளும்.

துணைவர் பேராசிரியர் வேலைக்கு உரியவராக இல்லாவிட்டாலும் உதவி உண்டு. சில பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே அலுவலகம் வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் சுவிட்சர்லாந்தில் சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இப்படி இருக்கிறது. விண்ணப்பம் எழுத உதவுவார்கள், அந்த ஊர்க் கம்பெனிகளைப் பற்றிச் சொல்வார்கள், ஆட்களை அறிமுகம் செய்வார்கள். வேலைக்கு உத்தரவாதம் மட்டும் தரமாட்டார்கள்.

குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள். தனி ஆளாக விண்ணப்பித்தவனுக்கு அந்த இடம் போயிற்றே என்பார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டாவதாக வந்தவரை, இன்னாருடைய கணவன், இன்னாருடைய மனைவி என்று முதுகுக்குப் பின்னால் இளக்காரமாகப் பேசுவதும் உண்டு. ஆனால் ஸ்டான்போர்டு அறிக்கை பார்த்த வரையில், அவரவர் பதவி நிலையோடு ஒப்பிட்டால் அவர்களுடைய ஆராய்ச்சி மற்றவர்களுடையதற்குக் குறைந்ததாக இல்லை.

பெரியவரின் இன்னொரு பயம், கேட்டால் வேலை போய்விடுமோ என்பது. அதனால்தான் கேட்கும் நேரம் முக்கியம். நேர்முகத் தேர்விலேயே சொல்ல வேண்டியதில்லை. வேலை தருகிறோம் என்று அவர்கள் சொன்ன பிறகு, ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவதற்கு முன்னால் கேட்பதுதான் நல்லது என்று விவரம் தெரிந்தவர்களில் பலர் சொல்கிறார்கள். அந்தப் பெண் இப்போது நிற்பது சரியாக அந்த இடத்தில்தான்.

இதையெல்லாம் பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன். மகளிடம் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டார், எழுதிக் கொடுத்தேன். மருமகனுக்குக் கொடுப்பது நிரந்தரப் பதவியா, ஓராண்டு ஒப்பந்தமா? ஒப்பந்தம் என்றால் அது முடிந்த பிறகு என்ன? இருவரில் ஒருவர் வேலை நின்றுபோனால் மற்றவர் வேலைக்குப் பாதிப்பு வருமா? எந்த வாக்குறுதியாக இருந்தாலும் எழுத்தில் தருவார்களா? அவர்கள் முடியாது என்று சொல்லிவிட்டால் யார் யாரைப் பின்தொடர்வது என்பதை இருவரும் இன்றே உட்கார்ந்து பேசட்டும் என்றும் கடைசியில் எழுதினேன். மகள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள் ஐயா என்று வாயால் சொன்னேன். அதை எழுதவில்லை.

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பிப் பார்த்து, "அப்போ ரெண்டு பேருக்கும் தனித்தனி செக்ரோலா டீச்சர்?" என்று கேட்டார்.

"ஆமாம் ஐயா, தனித்தனிதான்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு மகள் தொலைபேசியில் கூப்பிடுவாளாம்.