துளசி மாடமும் வடிகாலும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பேசும் மேடையில் செங்கல்லையும் சாந்தையும் பற்றிப் பேச வந்திருக்கின்றேன், பொறுத்தருள வேண்டுகின்றேன். நம் குடியிருப்பில் பல வீடுகளின் மொட்டைமாடியில் செங்கல்லால் கட்டிய துளசி மாடம் உண்டு. ஆவணி பிறப்பதற்குள் செடி வாடி நிற்பதும் உண்டு. எங்கள் இல்லத்தில் மூன்றாண்டுகள் தொடர்ந்து அவ்வாறே நிகழ்ந்தது. வழிபாட்டில் ஏதோ குறை நேர்ந்துவிட்டதென்று எண்ணி, என் தாயார் நோன்பின்மேல் நோன்பு நோற்றார். நான்காம் ஆண்டில் மண்ணைத் தோண்டிப் பார்த்தேன். அடியெல்லாம் சேறு, வேர் கறுத்து அழுகி நாறியது. குறை அம்மையாரின் பூசையில் இல்லை. மாடத்தில் நீர் வெளியேற வழியே வைக்கப்படவில்லை.

ஊரில் முற்றத்து மாடத்தின் நீரை அடிமண் வாங்கிக்கொள்ளும். இங்கோ அடியில் காங்கிரீட் தளம். கொல்கத்தாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழை. அதிற் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்க்கின்றது. மண்ணும் களிப்பான வண்டல். இந்நகருக்கே அத்துன்பம் உண்டு: ஆற்றங்கரை மேடு, கிழக்கே பள்ளம், ஆதலின் கழிவுநீரிற் பெரும்பகுதி பக்கத்திலுள்ள ஹூக்ளியை விட்டுக் கிழக்குச் சதுப்பு நிலங்களை நோக்கிச் செல்கின்றது.

அடியில் செங்கல் ஜல்லி பரப்பினாற் போதும் என்பர் சிலர். நானும் முதலில் அதனையே செய்தேன், பயனில்லை. நுண்ணிய மண், தான் முற்றும் ஊறும் வரையில் நீரைக் கீழேயுள்ள ஜல்லிக்கு விடுவதில்லை. விட்ட நீரும் துளையின்றி அங்கேயே தேங்குகின்றது.

ஆகவே செடியைத் தொட்டிக்கு மாற்றி, மண்ணை முழுதும் அள்ளினேன். "மாடத்தில் உளி படலாமா?" என்று அன்னை கலங்கினார், விளக்கேற்றும் பிறையுள்ள பக்கத்தைத் தொடுவதில்லை என்றபின் இசைந்தார். செங்கல்லைத் துளைத்தால் அது பிளக்கக்கூடும். இரு கற்களுக்கிடையேயுள்ள சாந்துப் பூச்சே துளைக்கத் தக்கது. அடிவரிசையில், ஒன்றரை அடிக்கு ஒன்றாக, வெளிப்புறம் சற்றே சாயும்படி துளையிட்டு, அரை அங்குலப் பி.வி.சி. குழாய்த் துண்டுகளைச் செருகினேன். சுவர் நாலரை அங்குலமாதலின் துளைக்கும் அலகு அதனினும் நீண்டிருத்தல் வேண்டும். உள்தளத்தைச் சிமெண்டுச் சாந்தால் துளைகளை நோக்கிச் சரித்துப் பூசி, உலர்ந்தபின் குழாய்வாயில் நைலான் வலை வைத்தேன். தோட்டத்து மண்ணோடு ஆற்றுமணலும் இலைமக்கும் கலந்து நிரப்பினேன்.

வடியும் நீர் மாடிக் குழாயைச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தளத்தில் தேங்கினால் கீழ்வீட்டாரின் கூரை ஓதமேறும், கொசுவும் பெருகும். கொசுவின் வழியே மலேரியாக் கிருமி பறவைகளுக்குப் பரவுவதை ரொனால்டு ராஸ் 1898-இல் கண்டறிந்தது இதே நகரில்தான். ஒரு வாரம் முதல் பத்து நாள் தேங்கிய நீரே கொசு முட்டை கொசுவாகப் போதும்.

சென்ற மழைக்காலம் முழுதும் எங்கள் துளசி தழைத்து நின்றது. அன்னையார் நோன்பை மட்டும் விடவில்லை. அது அவர் விருப்பம். துளைக்கும் கருவி என் வீட்டில் இருக்கின்றது. வேண்டுவோர் வைகாசிக்குள் வந்து பெற்றுக்கொள்ளலாம்.